உள்ளங்கையின் மறுமொழி

மணி அடித்தாயிற்று, இனி இந்த ஆட்டம் முடிவதற்குள் இருவரில் ஒருவன் காதில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று எண்ணியவாறே எத்திராஜ் பின்வாங்கினான். பின்வாங்கியபோது வலது முழங்காலுக்குள் வழக்கம்போல ஒரு கூழாங்கல் உருண்டது. நடுவருக்குரிய கோடுபோட்ட சட்டை அதற்குள் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டையார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். காலையில் மணவறை இருந்த இடத்தில் இப்போது கயிறு கட்டிய மேடை நிற்கிறது. தெர்மாகோலில் வெட்டிய மணமக்களின் பெயர்கள் பின்சுவரிலிருந்து இன்னும் இறக்கப்படவில்லை. சாம்பார் வாடையும் மிதிபட்ட மல்லிகையின் வாடையும், அவற்றுக்கு மேலாக இந்த இரண்டு உடல்களிலிருந்தும் கிளம்பும் எண்ணெய் வாடையும். யாரோ ஒரு பெண் இன்று காலை இதே இடத்தில் தலைகுனிந்து அமர்ந்திருப்பாள், அவளுக்கும் யாரோ ஒருவர் நல்ல எதிர்காலம் உண்டென்று சொல்லியிருப்பார், எல்லாருக்கும் யாரோ ஒருவர் சொல்லத்தான் செய்கிறார், சொன்னவர் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார். ஜெயசீலனும் வினோபாவும் ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு தள்ளினார்கள். இந்த மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது எப்போதும் முன்பே முடிவாகியிருக்கும். வலி மட்டும் முடிவு செய்யப்படாமல் வரும். இன்றைக்கு அந்த முடிவும் செய்யப்படவில்லை. ஆட்டத்துக்குச் சற்றுமுன் உடைமாற்றும் அறையில், அதாவது காலையில் மணமகள் உடைமாற்றிய அறையில், நிறுவனத்தை நடத்தும் சாந்தமூர்த்தி நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தல ஒடஞ்சிபோச்சி எத்திராஜ். பாம்பே ரெஸ்லிங் கம்பெனி ஹேமலதா மேடம் வந்து ஒருத்தனத்தான் கூட்டினு போவாங்களாம். எவன் பெரிய ஸ்டார் ஆவான்னு நம்புறியோ, அவன ஜெயிக்க வெச்சிக் காட்டுன்றாங்க. நீதான் இவனுங்க மூச்ச கிட்டக்க நின்னு கேக்குறவன். பாதி ஆட்டத்துல எவன்னு தோணுதோ, அவன் காதுல 'நீதான்'னு சொல்லிடு. சொன்னவன் ஜெயிச்சிட்டுப் போறான்." "நான் சொல்லி எவன் சார் உருப்பட்டான்?" என்று எத்திராஜ் கேட்டான். "அதுக்குத்தான் இந்தத் தபா சரியா சொல்லு." ஜெயசீலன் தலையை மட்டும் அசைத்தான். வினோபாவோ கண்ணாடிமுன் நின்று கன்னத்தில் மஞ்சள் மின்னலை வரைந்துகொண்டே, "இன்னாணே, கல்யாண மண்டபம்ன்றதுக்காகப் பொண்ணு பாக்குற மாதிரியே பாக்குற? புடிச்சிருந்தா இப்பவே சொல்லிடு, சொஜ்ஜி பஜ்ஜி வரட்டும்" என்றான்.

சொல்வதற்கு எதைப் பார்ப்பது? உயரத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. தோள்களைப் பார்ப்பவர்கள் உண்டு. பல் வரிசையைப் பார்த்துவிட்டுக் கேமராவுக்கு இது போதும் என்று எழுந்து போகிறவர்களும் உண்டு. மாடு வாங்க வந்தவர்களைப்போல அவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். எத்திராஜையும் ஒரு காலத்தில் அப்படிச் சுற்றி வந்திருக்கிறார்கள். சேலத்தில் ஒருவர் அவன் புயத்தைத் தட்டி, இவன் போகும் உயரத்துக்கு நாம் ஏணி வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அதே ஊரில், அதே வாரத்தில், முழங்கால் பக்கவாட்டில் திரும்பியது. சொன்னவர் மருத்துவமனைப் பக்கம் வரவில்லை, வர வேண்டிய கட்டாயமும் இல்லை, கணித்தவர்களுக்குக் கணித்ததோடு கடமை முடிந்துவிடுகிறது. நடுவனான பின் அவனே கைகாட்டியவர்களில் ஒருவன் இப்போது ஏடிஎம் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறான். இன்னொருவன் திருமணங்களில் கரடி வேடம் போட்டுக் குழந்தைகளுக்குக் கைகொடுக்கிறான். அவர்களை எங்கேனும் எதிரில் கண்டால் எத்திராஜ் சாலையைக் கடந்து மறுபக்கம் போய்விடுவான். ஆனாலும் ஒன்றை அவன் கற்றிருந்தான், அல்லது கற்றதாக நம்பியிருந்தான். அடிப்பவனைப் பார்க்காதே, விழுபவனைப் பார். அவனையும் பார்க்காதே, அவன் விழும்போது முன்வரிசையைப் பார். ஒரு மனிதன் பலகையில் மோதும்போது எதிரே வாயில் போட்ட முறுக்கைக் கடிக்காமல் நிறுத்துகிறார்களா, இல்லையா? நிறுத்தினால் அவனிடம் இருக்கிறது. எது இருக்கிறது? அதற்கு அவனிடம் சொல் இல்லை. ஜெயசீலன் இப்போது வினோபாவின் கழுத்தைக் கைக்குள் வளைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக் காட்டுகிறான். எவ்வளவு அழகான பற்கள், எவ்வளவு ஒழுங்கான உடல், ஆவடியில் உடற்பயிற்சிக் கூடம் வைத்திருக்கும் தந்தை செதுக்கிச் செதுக்கி வளர்த்த உடல். ஆயினும் முன்வரிசையில் மிக்சர் பொட்டலம் கைமாறுகிறது. அவனைப் பார்ப்பது தெருமுனையில் வைத்திருக்கும் கட்அவுட்டைப் பார்ப்பதுபோல. நிமிர்ந்து பார்க்கிறார்கள், பிறகு வழியைப் பார்த்துப் போகிறார்கள். ஆனால் எவ்வளவு நல்லவன். எதிராளியைத் தூக்கினால் தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல இறக்குகிறவன் அவன். நல்லவனுக்கு இந்தத் தொழிலில் என்ன மதிப்பு என்று கேட்டால், அவனோடு ஆடுகிறவர்கள் ஆட்டம் முடிந்ததும் தம் காலால் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள், அதுதான் மதிப்பு, அதற்குக் கைதட்டுவார் இல்லை.

வினோபா கழுத்துப்பிடியிலிருந்து நழுவி, கயிற்றில் மோதித் திரும்பி, தடுக்கி, வேண்டுமென்றே தடுக்கி, முகம் குப்புற விழுந்தான். மண்டபம் முழுவதும் ஒருசேர மூச்சை இழுத்தது. அந்த ஓசை எத்திராஜின் பிடரியில் பட்டது. இதோ, இதுதான், இதற்கு மேல் என்ன சான்று வேண்டும், சொல்லிவிடலாம், குனிந்து சொல்லிவிடலாம் என்று நினைத்தவன் சொல்லவில்லை. காரணம் ஒரு தேநீர்க் குவளை. இன்று காலை மண்டபத்துக்கு எதிரேயுள்ள கடையில் வினோபாவின் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளை நழுவி உடைந்தது. யாரும் இடிக்கவில்லை; சூடும் அதிகமில்லை; கை அதைப் பிடித்திருப்பதை மறந்துவிட்டதுபோல விட்டுவிட்டது. கடைக்காரர் கத்தினார். "ஐஸு வேலைணே. வெரலு எப்பவும் இப்டித்தான் மரத்துப்போயி கெடக்கும்" என்று வினோபா விரல்களை உதறிக்கொண்டே சிரித்தான். காசிமேட்டில் அவன் விடிவதற்கு முன் ஐஸ் பாளங்களை உடைத்து மீன் பெட்டிகளுக்குப் போடுகிறவன்; கையுறை போட்டால் கம்பி வழுக்கும் என்று வெறுங்கையால் உடைப்பவன். ஸ்டார் ஆனால் என்ன செய்வாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, கார் என்றோ வீடு என்றோ அவன் சொல்லவில்லை. "சூடா ஒரு வேல கெடச்சாப் போதும்ணே. லைட்டு போட்டா ஒடம்பு காயுது பாரு, அந்த மாதிரி." சொல்லிவிட்டு, தன் சொல்லுக்குத் தானே வெட்கப்பட்டு, ஜெயசீலனின் புயத்தைக் கிள்ளி, "இவன் ஸ்டார் ஆனா இன்னா பண்ணுவான் தெரியுமா? அப்பவும் முட்ட வெள்ளக்கருதான் துன்னுவான்" என்றான். முதலில் சிரித்தவன் ஜெயசீலன்தான். அந்தக் குவளை. ஐஸ் உடைப்பவர்களின் விரல்கள் மரத்துத்தான் போகும், அது உண்மை. ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை. போட்டிக்காக வினோபா நேற்றும் இன்றும் ஐஸ் கடைக்குப் போகவில்லை. போகாத கை ஏன் மரத்தது? சென்ற வாரம் பயிற்சியில் பிடரி தரையில் பட விழுந்தானே, அப்போது எழுந்து கழுத்தை இருபுறமும் சொடுக்கிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொன்னானே, அதுவா? இருக்காது. இருந்தால் சொல்லியிருப்பான். சொல்லியிருப்பானா? தேர்ந்தெடுக்க ஆள் வருகிற வாரத்தில் எவன் சொல்வான், நான் சொல்லியிருப்பேனா, சேலத்தில் முழங்கால் திரும்புவதற்கு முந்திய நாளே அது வீங்கியிருந்ததே, நான் யாரிடம் சொன்னேன்?

"பிடிய விடு, விடு!" என்று கத்தி, கயிற்றோரத்தில் இருவரையும் பிரித்துவிட்டு, அவன் ஜெயசீலனின் முகத்துக்கு எதிரே விரலை ஆட்டினான், ஆட்டத்தில் நடுவன் செய்ய வேண்டிய சினம் அது. உண்மையில் நடுவனின் வேலை வேறொன்று. அது மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. பலத்த விழுகை ஒவ்வொன்றுக்கும் பிறகு அவன் விழுந்தவன் அருகில் மண்டியிட்டு, தோல்வியை ஒப்புக்கொள்கிறாயா என்று உரக்கக் கேட்பான். கேட்டுக்கொண்டே, எவர் கண்ணிலும் படாமல், தன் சுட்டுவிரலை அவன் உள்ளங்கையில் வைப்பான். கை மூடி ஒருமுறை அழுத்தினால் நலமாயிருக்கிறேன் என்று பொருள். மூடாவிட்டால் நடுவன் எழுந்து தலைக்கு மேலே இரு கைகளையும் குறுக்காகப் பிடிக்க வேண்டும். அந்தக் கணமே ஆட்டம் நிற்கும். அது நடிப்பன்று, ஆள் உண்மையில் அடிபட்டிருக்கிறான் என்பதை அந்தத் தொழிலில் உள்ள அனைவரும் அறிவர். இந்தக் கைகளை எத்திராஜ் வினோபாவுக்காக ஒருமுறை உயர்த்தியிருக்கிறான். பொன்னேரியில், கோயில் திருவிழாத் திடலில். விரலை வைத்தான், கை மூடவில்லை. மீண்டும் வைத்தான், மூடவில்லை. கண்கள் பாதி திறந்து வெள்ளை மட்டும் தெரிந்தது. கைகளைக் குறுக்கிட்டான், பாட்டு நின்றது, மேளம் நின்றது, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், சாந்தமூர்த்தி வேட்டி தடுக்க ஓடி வந்தார், அப்போது வினோபா ஒற்றைக் கண்ணைத் திறந்து, "உன்னையே ஏமாத்திட்டேன் பாத்தியாணே!" என்றான். ஊரை ஏமாற்றுவது இவர்களுக்கு அன்றாடத் தொழில். சக ஆட்டக்காரனை ஏமாற்றுவது திறமை. நடுவனை, விரல் வைக்கும் நடுவனை ஏமாற்றுவது பட்டம் வாங்கியதற்கு ஒப்பு. அதன்பிறகு பல வாரங்கள் எத்திராஜ் எந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தாலும் உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் கைகளைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தார்கள். "ஐயோ, டீ ஆறிப்போச்சி, ஆட்டத்த நிறுத்து!" என்பான் ஒருவன். "வட செத்துப்போச்சிணே, வெரல வெச்சிப் பாரு!" என்பான் இன்னொருவன். அவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? ஆனால் வீட்டில் மனைவி விஜயா எதற்கோ கையை உயர்த்திக் கொடியில் துணி போட்டபோது அவன் காரணமில்லாமல் அவள்மீது எரிந்து விழுந்தான்.

ஜெயசீலன் வினோபாவை இடுப்பில் பிடித்தான். தோளுக்கு உயர்த்தினான். பிறகு தலைக்கு மேலே, இரு கைகளும் நீண்டு நிற்க, உயர்த்தினான். மின்விசிறிகளின் நிழல் வினோபாவின் மஞ்சள் கால்சட்டையின்மேல் சுழன்றது. பேசி வைத்திருந்த தூக்குதான். பல ஊர்களில் செய்த தூக்குதான். கீழே ஹேமலதா மேடம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்ததை எத்திராஜ் கவனித்தான். அந்த அம்மாளும் ஒரு காலத்தில் தாராவியிலிருந்து புறப்பட்டு மேடையேறியவர்களாம், இப்போது தேர்ந்தெடுக்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே பிறகு தேர்ந்தெடுக்கிறார்கள், விழுந்தவர்கள் நடுவர்களாகிறார்கள் என்று நினைத்த அந்த நொடியில் ஜெயசீலன் விட்டான். முதுகு முழுவதும் ஒன்றாகத் தரையில் பட வேண்டும். இடது தோளும் பிடரியும் ஒரு நொடிப்பொழுது முந்திக்கொண்டன. பலகையின் ஓசை வழக்கமான ஓசையன்று. சற்றுச் சுருங்கிய, ஈரமான ஓசை. அல்லது தனக்கு அப்படிக் கேட்டதா? மண்டபம் மூச்சை இழுத்தது. முறுக்கு நின்றது, மிக்சர் நின்றது, ஒரு குழந்தை அழத் தொடங்கித் தானே நிறுத்திக்கொண்டது. எத்திராஜ் மண்டியிட்டான். "ஒத்துக்கிறியா?" என்று கத்தினான். விரலை இடது உள்ளங்கையில் வைத்தான். உள்ளங்கை திறந்தபடி இருந்தது. காத்திருந்தான். மீண்டும் அழுத்தி வைத்தான். கன்னத்து மின்னல் வியர்வையில் கரைந்து உதட்டோரம் வழிந்தது; கண்கள் மூடியிருந்தன; உதட்டின் மூலையில் ஒரு துடிப்பு இருந்தது, அது வலியின் துடிப்பாகவும் இருக்கலாம், அடக்கிய சிரிப்பின் துடிப்பாகவும் இருக்கலாம், பொன்னேரியிலும் இதே துடிப்பு இருந்ததே, இருந்ததா, இல்லை, அதைப் பிறகு நானே சேர்த்துக்கொண்டேனா? மீண்டும் ஏமாற்றுகிறான். இன்றைக்கு, மேடம் முன்னால், என்னை எழுப்பிக் கையைக் குறுக்கிடச் செய்து, மண்டபத்தையே அழ வைத்துவிட்டுக் கண்ணைத் திறக்கப் போகிறான், அதைப் பார்த்தால் அந்த அம்மாள் இந்தக் கணமே அள்ளிக்கொண்டு போவார்கள், இதுவும் ஒரு திறமைதான், ஆனால் குவளை. குவளை உடைந்த சத்தம். இல்லை, குவளையை மறந்துவிடு. அடிபட்டதென்று கையைக் குறுக்கிட்டு, அடிபட்டிராவிட்டால் நான் மறுபடியும் கேலிப்பொருள். அடிபட்டதென்று குறுக்கிட்டு, உண்மையிலேயே சிறிது அடிபட்டிருந்தால், உடையும் பண்டத்தை எந்த நிறுவனம் வாங்கும், அவன் நாளை விடியற்காலையில் காசிமேட்டுக்குத் திரும்பிவிடுவான், பாளத்தை உடைப்பான், நான் அங்கே மீன் வாங்கப் போகும்போது சாலையைக் கடந்து மறுபக்கம் போக வேண்டியிருக்கும். மண்டபம் இன்னும் மூச்சை விடவில்லை. இத்தனை பேர் மூச்சை ஒருவன் படுத்துக்கொண்டே பிடித்து வைத்திருக்கிறான் என்றால் அவனைத் தவிர வேறு யாரைச் சொல்வது? எத்திராஜ் குனிந்தான். காதில் எண்ணெயும் உப்பும் மணத்தன. "நீதான். எந்திரிடா" என்றான்.

கண்கள் திறந்தன. விரலுக்கு மறுமொழி வராமலே, சொல்லுக்கு மறுமொழி வந்தது. அவன் எழுந்தான், வலது கையை ஊன்றி, முழங்காலை ஊன்றி, சாராயம் குடித்தவனைப்போல் ஒருபுறம் சாய்ந்து எழுந்தான், இடது கை அவனுடையதன்று என்பதுபோல அருகில் தொங்கியது. மண்டபம் வெடித்தது. "மின்னல்! மின்னல்!" என்று நாற்காலிகளின்மீது ஏறி நின்றார்கள். ஜெயசீலன் அந்த முழக்கத்தைக் கேட்டதும் புரிந்துகொண்டான்; தான் இல்லை என்பது அவன் முகத்தில் ஒரு நிழலாக வந்து போயிற்று; பிறகு நல்லவனாகவே, பேசிவைத்தபடியே, வினோபாவின் தோளிடிக்கு மல்லாந்து விழுந்து, மேடை நடுவில் தன் மார்பைத் திறந்துவைத்துக்கொண்டு கிடந்தான், மேலிருந்து பாய்ந்து வருகிறவனை இரு கைகளாலும் தாங்கி இறக்குவதற்கு ஏதுவாக. வினோபா மூலைக் கம்பத்தில் ஏறினான். எத்திராஜ் பார்த்தது அப்போதுதான். மேல் கயிற்றில் இடது கை வைக்கப்பட்டிருந்தது. வைக்கப்பட்டிருந்ததே தவிர, பற்றவில்லை. விரல்கள் கயிற்றின்மேல் ஈரத்துணிபோல் கிடந்தன. வலது கையால் அவன் அந்த இடது கையை எடுத்து, கயிற்றின்மேல் சரிசெய்து வைத்தான். எந்த நடிகனும் அப்படிச் செய்யமாட்டான். அல்லது மிகப்பெரிய நடிகன் மட்டுமே செய்வான். எத்திராஜின் கைகள் மார்புவரை உயர்ந்தன. வினோபா உச்சியிலிருந்து அதைப் பார்த்துவிட்டான். அவன் தலையை அசைத்தான், சிறிதளவு, கெஞ்சுவதுபோல, உதடு பிரியாமல், வேணாம்ணே. அந்த முகத்துக்குப் பின்னால் பந்தல் விளக்குகள் எரிந்தன; அவன் உடல் காய்ந்துகொண்டிருந்தது, சூடாக இருந்தது, அவன் கேட்டது அவ்வளவுதான். எத்திராஜின் கைகள் மார்புக்கு மேலே போகவில்லை. டீ ஆறிப்போச்சி, ஆட்டத்த நிறுத்து என்று யாரோ சொன்னார்கள், யாரும் சொல்லவில்லை. கைகள் அங்கேயே நின்றன, கும்பிடத் தொடங்கி மறந்துபோனவனுடைய கைகளைப்போல. வினோபா பாய்ந்தான். காற்றில் புரளும்போது இரு கைகளும் விரிய வேண்டும், ஒன்று விரிந்தது. அதனால் உடல் சாய்ந்தது. ஜெயசீலனின் கைகள் தாவி உயர்ந்து, இடுப்பைத் தொட்டு, எண்ணெயில் வழுக்கின. முதலில் தலை பட்டது.

இப்போது கைகள் உயர்ந்தன. தலைக்கு மேலே, முழுமையாக, குறுக்காக, வலியெடுக்கும் அளவுக்கு இறுக்கமாக உயர்த்தி நின்றான். மண்டபம் அதைப் பார்த்து இன்னும் உரக்க ஆர்ப்பரித்தது. அவர்களுக்கு அதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி. "நான் சரியாத்தான் புடிச்சேன், வழுக்கிச்சிணே, சரியாத்தான் புடிச்சேன்" என்று ஜெயசீலன் மண்டியிட்ட நிலையில் திரும்பத் திரும்பச் சொன்னான். பெரிய மார்பு குலுங்கியது. முன்வரிசையில் ஒருவர் அவனைக் காட்டி, "எப்டி அழுவுறான் பாரு, சூப்பரு" என்றார். எத்திராஜ் வினோபாவின் அருகே அமர்ந்தான். ஏமாற்றுகிறாயடா, ஏமாற்று, இந்த ஒருமுறை ஏமாற்று, நான் எந்தக் கடைக்குப் போனாலும் கைகளைக் குறுக்கிட்டுச் சிரிக்கட்டும், சாகும்வரை சிரிக்கட்டும், ஒற்றைக் கண்ணைத் திற. அப்போது அந்த மஞ்சள் கால்சட்டையில் ஓர் ஈரக்கறை கிளம்பி, மெல்ல அகன்று, தொடை வழியாகத் தரைவிரிப்பில் இறங்கியது. எத்திராஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நடிக்க எவராலும் இயலாது. மிகப்பெரிய நடிகனாலும் இயலாது. அவன் தன் கோடுபோட்ட சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்று, அதை வினோபாவின் இடுப்பின்மேல் விரித்து மூடினான். பிறகு எங்கிருந்தோ கைதட்டல் தொடங்கி, மெல்ல, மரியாதையாக, எழுந்து நின்று எல்லாரும் தட்டினார்கள். சாந்தமூர்த்தி கயிற்றுக்கு அப்பால் வந்து நின்றார். அவர் கண்கள் நிறைந்திருந்தன, மகிழ்ச்சியால். "மேடம் சொல்லிட்டாங்க எத்திராஜ். கீழ கெடக்குறவன்தானாம். அந்தக் கைய எப்டித் தொங்க உட்டான் பாத்தியான்றாங்க. இத யாரும் சொல்லித்தர முடியாதாம். சட்டையக் கழட்டிப் போட்டது யாரோட ஐடியான்னு கேக்குறாங்க." எத்திராஜ் அந்தச் சட்டையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான். "இன்னாய்யா, கரெக்டா சொல்லிட்ட நீ, மொத தபா" என்றவர் அவன் முகத்தைப் பார்த்தார்; பிறகு தரைவிரிப்பைப் பார்த்தார்; பிறகு, "ஆம்புலன்ஸ்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லி, மீண்டும் உரக்கச் சொல்லி, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வினோபாவின் கண்கள் திறந்தே இருந்தன. அவை மின்விசிறியைப் பார்த்தன. மேடையில் பேசும்போது உதடு அசையாமல் பேச வேண்டும் என்பது இவர்களுடைய பழக்கம். அந்தப் பழக்கம் மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை. "அண்ணே." "அசையாதடா. கழுத்த அசைக்காத." "என் கால்மேல யாருணே ஒக்காந்துனு இருக்குறது?" அவன் கால்கள் சட்டைக்குக் கீழே தனியாக நீண்டு கிடந்தன, அருகில் எவரும் இல்லை. "எந்திரிச்சிட்டாங்க" என்றான் எத்திராஜ். "மேடம் இன்னா சொன்னாங்க?" "நீதான்னு சொல்லிட்டாங்க." வினோபாவின் கண்களின் ஓரத்தில் ஏதோ ஒன்று சூடாகத் திரண்டு காதுப்பக்கம் இறங்கியது. கைதட்டல் இன்னும் நிற்கவில்லை. பின்வரிசையில் யாரோ மறுபடியும் மின்னல் என்று தொடங்கிவைக்க, எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "கேக்குதாணே?" "கேக்குது." "நீ பயந்துட்ட, இல்ல? பொன்னேரில மாதிரி." "ஆமாடா." "வெரல வைணே. அழுத்திக் காட்டுறேன்." எத்திராஜின் விரல் அந்த உள்ளங்கையில் ஏற்கனவே இருந்தது; சட்டையைப் போர்த்தியதிலிருந்து அங்கேதான் இருந்தது. "வெச்சிட்டேன்" என்றான். வினோபாவின் நெற்றி சுருங்கியது. பாளத்தை உடைக்கக் கம்பியை ஓங்குபவனைப்போல முகம் முழுவதும் இறுகியது. கழுத்தின் நரம்பு புடைத்தது. பிறகு எல்லாம் தளர்ந்தன. "அழுத்திட்டேன். தெரிஞ்சுதாணே?" மஞ்சள் மைத்தடம் படிந்த அந்தக் கை ஐஸ் கையைப்போலக் குளிர்ந்திருக்கவில்லை, வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, விரல்கள் ஐந்தும் விரிந்து, விளக்கைப் பார்த்துத் திறந்து கிடந்தன. "தெரிஞ்சுது" என்றான் எத்திராஜ்.